எரிசக்தி மாநாட்டு மேடையில் நெறியாளர்: கேள்வி பதில்

அபுதாபியின் அடிபெக், ஹூஸ்டனின் செராவீக், 2023-ல் பெங்களூருவில் தொடங்கிய இந்தியா எனர்ஜி வீக் போன்ற மாநாடுகளில் அமைச்சர்களையும் நிறுவனத் தலைவர்களையும் மேடையில் பேசவைக்கும் நெறியாளர்களில் பலர் டிவி செய்தியாளர்கள். அந்த வேலை பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும் இவை.

கேள்வி: மேடம், சேனலில் 4 வருஷமா பிசினஸ் டெஸ்க். எரிசக்தி பக்கம் வரணும்னா எங்கே ஆரம்பிக்கிறது?

புதன்கிழமை இரவிலிருந்து ஆரம்பியுங்கள். அமெரிக்க எரிசக்தித் தகவல் நிர்வாகத்தின் கச்சா எண்ணெய் கையிருப்பு அறிக்கை பொதுவாக அன்றுதான் வரும். நம் நேரப்படி கோடையில் இரவு 8 மணி, குளிர்காலத்தில் 9 மணி. அதோடு எண்ணெய் ஏற்றுமதி நாடுகளின் கூட்டமைப்பான ஓபெக்கின் மாத அறிக்கையையும், பாரிஸில் உள்ள சர்வதேச எரிசக்தி முகமையின் மாத அறிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். எண்ணெய்த் தேவை எவ்வளவு வளரும் என்பதில் இரண்டும் அடிக்கடி வேறுபடும். ஏன் என்று உங்களால் 2 வாக்கியத்தில் சொல்ல முடிகிற நாளில் மேடைக்குத் தயாராகிவிட்டீர்கள். முதல் வாய்ப்பாக 20 நிமிட நேருக்கு நேர் பேட்டியைக் கேளுங்கள். 5 பேர் உட்காரும் அமர்வு பிறகு வரட்டும்.

கேள்வி: மெகாவாட், யூனிட், பேரல், டன்... மேடையில் குழம்பிடுமோன்னு பயம்.

பயப்பட வேண்டிய இடம்தான். இதில் ஒருமுறை தவறினால் அடுத்த அரை மணி நேரம் பேச்சாளர்கள் உங்களைப் பொருட்படுத்த மாட்டார்கள். ஜிகாவாட் (1,000 மெகாவாட்) என்பது திறன். ஜிகாவாட்-மணி (10 லட்சம் யூனிட்) என்பது உண்மையில் கிடைத்த மின்சாரம். 1 ஜிகாவாட் சூரியப் பூங்கா 20 சதவீதப் பயன்பாட்டில் ஆண்டுக்குச் சுமார் 175 கோடி யூனிட் தரும். அதே 1 ஜிகாவாட் அணு உலை 80 சதவீதத்தில் ஓடினால் 700 கோடி. இரண்டையும் 'ஒரு ஜிகாவாட்' என்று ஒரே தட்டில் வைத்துப் பேச விடாதீர்கள்.

எண்ணெயில், தினம் 10 லட்சம் பேரல் என்றால் ஆண்டுக்கு ஏறக்குறைய 5 கோடி டன். வளைகுடாக்காரர்கள் பேரலில் பேசுவார்கள், இந்திய அதிகாரிகள் டன்னில் பேசுவார்கள். இடையில் மாற்றிச் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

ஒரு பேச்சாளர் "500 மெகாவாட் பேட்டரி அமைக்கிறோம்" என்றால், "எத்தனை மணி நேரத்துக்கு?" என்று உடனே கேளுங்கள். பச்சை ஹைட்ரஜன், அதாவது புதுப்பிக்கத்தக்க மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து எடுக்கும் ஹைட்ரஜன், பற்றி வாக்குறுதி வந்தால், "யூனிட் என்ன விலைக்கு வாங்குகிறீர்கள்?" ஒரு கிலோவுக்கு 50 யூனிட்டுக்கு மேல் தேவை. யூனிட் 4 ரூபாய் என்றாலே மின்சாரச் செலவு மட்டும் 200 ரூபாயைத் தாண்டும். அந்த ஒரு கேள்வியில் அரங்கம் நிமிர்ந்து உட்காரும்.

கேள்வி: 45 நிமிஷம், 4 பேர். நேரத்தை எப்படிப் பிரிக்கிறது?

முன்னுரை 2 நிமிடம், பார்வையாளர் கேள்விகளுக்கு 7 நிமிடம், கடைசிச் சுற்று ஆளுக்கு அரை நிமிடம் வீதம் 2 நிமிடம். மிச்சம் 34 நிமிடம். கேள்விக்கு 20 விநாடி, பதிலுக்கு 100 விநாடி என்றால் ஒரு கேள்வி-பதிலுக்கு 2 நிமிடம். ஆக, மொத்தம் 17 கேள்விதான். ஆளுக்கு 4, கையிருப்பு 1. இந்தக் கணக்கைப் போடாதவர்கள்தான் 40 கேள்வி எழுதிக்கொண்டு போய், முதல் 6 கேள்வியிலேயே மணி அடித்து முடிப்பார்கள்.

பேச்சாளர்களின் வாழ்க்கைக் குறிப்பை வாசிக்காதீர்கள். அது நிகழ்ச்சி நிரலிலேயே இருக்கும். பெயர், பதவி, இந்தத் தலைப்பில் அவர் ஏன் என்று ஒரே வரி. ஒரே கேள்வியை நாலு பேரிடமும் சுற்றுக்கு விடாதீர்கள். மூன்றாமவர் "நண்பர் சொன்னதை ஆமோதிக்கிறேன்" என்று ஆரம்பிப்பார். மாற்றுக்கருத்து உள்ளவரை இரண்டாவதாகப் பேசவையுங்கள், முதல் பதிலை அவரே பிடித்துக்கொள்வார்.

கேள்விகளை எழுத, அஞ்சலட்டையைவிடக் கொஞ்சம் பெரிய தடித்த அட்டை, ஒரு பக்கம் மட்டும் எழுத்து, மூலையில் எண். அட்டைக்கு ஒரு கேள்வி. அதன் கீழே ஒரு புள்ளிவிவரம், அதற்கும் கீழே அவர் நழுவினால் கேட்க ஒரு குறுக்குக் கேள்வி. டேப்லெட் வேண்டாம். மேடை விளக்கில் திரை தெரியாது, நீங்கள் தொடாத நேரம் பார்த்து அணைந்தும் போகும்.

கேள்வியை முடித்ததும் வாயை மூடிவிடுங்கள். "அல்லது..." என்று இழுத்தால், பேச்சாளருக்குச் சுலபமான பாதியை நீங்களே எடுத்துக் கொடுக்கிறீர்கள்.

கேள்வி: அமைச்சரோட பி.ஆர். ஆட்கள் எல்லாக் கேள்வியையும் முன்கூட்டியே கேட்கிறாங்க. கொடுக்கலாமா?

தலைப்புகளைக் கொடுங்கள், முதல் கேள்வியைக் கொடுங்கள், அதோடு நிறுத்துங்கள். எல்லாவற்றையும் கொடுத்தால் அவர் காகிதத்தைப் பார்த்து வாசிப்பார், அதற்கு நெறியாளரே தேவையில்லை. ஒரு வாரம் முன்பு ஆளுக்கு 15 நிமிடம் போனில் பேசுங்கள். எதில் பதில் சொல்ல முடியாது என்றும் அப்போதே கேட்டுவிடுங்கள். பங்குச்சந்தையில் உள்ள நிறுவனமாக இருந்து, காலாண்டு முடிவு வரும் நேரமானால் லாபக் கணிப்பு பற்றி வாய் திறக்க மாட்டார். அந்த 2 நிமிடத்தை வீணாக்காதீர்கள்.

கேள்வி: நீளமா பேசுறவரை எப்படி நிறுத்துறது? அதுவும் பெரிய மனுஷரை?

அவர் மூச்சு எடுக்கும் இடத்தைப் பிடியுங்கள். முன்னால் சாய்ந்து, முதலில் அவர் பதவிப் பெயரைச் சொல்லி, அவர் கடைசியாகச் சொன்ன ஒரு சொல்லையே திரும்ப எடுத்துக் கேள்வியாக்குங்கள். அவருக்கு அவமானமாகத் தோன்றாது. அடுத்தவருக்குப் போகும்போதும் பெயர்தான் முதலில் வரவேண்டும். கேமராக்காரருக்கும் மைக் திறப்பவருக்கும் அதுதான் சைகை.

நழுவுகிறவரிடம் அதே கேள்வியை இன்னும் குறுக்கி ஒருமுறை கேளுங்கள். மறுபடியும் நழுவினால் விட்டுவிடுங்கள். பதில் வரவில்லை என்பதை அரங்கம் பார்த்துவிட்டது.

கேள்வி: சொல்லக்கூடாத வார்த்தைன்னு ஏதாவது இருக்கா மேடம்?

அபுதாபி மேடையில் 'வளைகுடா' என்பதோடு நிறுத்துங்கள். முன்னால் பாரசீகமா அரபா என்று சேர்த்தால் விவாதம் வேறு திசைக்குப் போய்விடும். ஐ.நா. காலநிலை மாநாட்டுத் தீர்மானங்களில் ஒவ்வொரு சொல்லும் பேரம் பேசி வந்தது. 2021 கிளாஸ்கோவில் நிலக்கரியைப் 'படிப்படியாகக் குறைப்பது' என்றுதான் முடிந்தது, 'ஒழிப்பது' என்றல்ல. 2023 துபாயில் புதைபடிவ எரிபொருட்களிலிருந்து 'விலகி நகர்வது'. நீங்கள் மாற்றிச் சொன்னால், அமைச்சர் உங்களைத் திருத்துவதிலேயே பதிலை முடித்துக்கொள்வார்.

அரபுப் பெயர்களை அந்தப் பேச்சாளரின் உதவியாளரிடம் கேட்டு, போனில் பதிவு செய்து பழகுங்கள். அப்துல் என்று பாதியில் வெட்டிக் கூப்பிடுவது பெரிய தவறு.

கேள்வி: முந்தின உரை இழுத்து, நம்ம அமர்வு 28 நிமிஷமா சுருங்கினா?

முன்னுரை அரை நிமிடம். கடைசிச் சுற்று கிடையாது. அட்டைகளில் 8 முக்கியமானவற்றின் மூலையை முன்பே மடித்து வைத்திருங்கள், அவை மட்டும்தான். பார்வையாளருக்கு ஒரு கேள்வியாவது விடுங்கள். ஆனால் மைக்கை அவர் கையில் கொடுக்காமல் ஊழியரே பிடித்திருக்கட்டும்.

கேள்வி: செய்தி சேனலில் வேலை பார்த்துக்கிட்டே பணம் வாங்கலாமா?

நீங்கள் செய்தி சேகரிக்கும் நிறுவனத்திடம் வாங்கவே வேண்டாம். மாநாட்டு அமைப்பாளர் தருவதானால் ஆசிரியரின் எழுத்துபூர்வ அனுமதியோடு மட்டும். பிறகு அந்த நிறுவனம் பற்றி நீங்கள் எழுதும் எதையும் யாரும் நம்ப வேண்டுமே. ஒப்பந்தத்தில் எத்தனை அமர்வு, முன்தயாரிப்பு அழைப்புகள், பயணம், காணொளியை மறுபயன்பாடு செய்யும் உரிமை நான்கும் இருக்கட்டும்.

கேள்வி: அக்கா, புடவைக்கு மைக் எங்கே மாட்டுவாங்க?

ரவிக்கையின் கழுத்து விளிம்பில், முந்தானை படாத பக்கம். மைக்கோடு வரும் பெட்டியை இடுப்பில் பின்புறம் செருகலாம், அதற்கு உள்பாவாடை நாடா இறுக்கமாக இருக்க வேண்டும். பட்டு உரசும் சத்தம் மைக்கில் கேட்கும், நீளமான சங்கிலியும் தட்டும். பருத்தி நல்லது. சின்னச் சின்னக் கட்டம் போட்டது வேண்டாம், கேமராவில் அலையடிக்கும். காதோரம் மாட்டும் மைக் இருக்கிறதா என்று முந்தின நாளே கேட்டுவிடுங்கள். இருந்தால் அதுவே மேல்.