அப்பா இறந்தபின் அம்மாவைப் பெங்களூருக்கு அழைத்து வந்துவிட்டேன். யாரிடமும் பேசுவதே இல்லை. என்ன செய்யலாம்?

அப்பா போய் எட்டு மாதம், அம்மாவைத் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து ஒயிட்ஃபீல்டுக்குக் கூட்டி வந்தாகிவிட்டது, வசதிக்குக் குறைவில்லை, ஆனால் நாள் முழுக்க பால்கனியில் உட்கார்ந்திருக்கிறார், கேட்டால் "ஒண்ணுமில்லப்பா" என்கிறார், அவர் முன்னால் அப்பா பேச்சையே எடுக்காமல் கவனமாக இருக்கிறோம் என்று எழுதியிருக்கிறீர்கள்.

அந்தக் கவனத்தைத்தான் முதலில் விட வேண்டும். அதே தப்பை நானும் செய்தவன், அதனால் சொல்கிறேன்.

எங்கள் ஊர் கோவில்பட்டி. அப்பா ரயில்வேயில் ஓய்வு பெற்றவர். 2022 ஜூன் மாதம், காலையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்தார், ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது. பதினாறாம் நாள் காரியம் ஆன நாலாம் நாளே வீட்டைப் பூட்டி அம்மாவோடு மைசூர் எக்ஸ்பிரஸில் ஏறிவிட்டேன். தனியாக விடக்கூடாது என்பது ஒரு காரணம், என் லீவு தீர்ந்துபோனது இன்னொரு காரணம், உண்மையைச் சொன்னால் இரண்டாவதுதான் பெரிய காரணம். போதாக்குறைக்கு, அம்மா குளிக்கப் போன நேரம் பார்த்து அப்பாவின் சட்டை வேட்டியை எல்லாம் மூட்டை கட்டி ஒருவரிடம் கொடுத்து அனுப்பினேன், கண்ணில் பட்டால் கஷ்டப்படுவாள் என்று. அம்மா அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்காததை நல்ல அறிகுறி என்று எடுத்துக்கொண்டேன் பாருங்கள், அதுதான் கொடுமை.

ஊரில் கேதம் கேட்க வருகிறவர்கள் என்ன செய்வார்கள் என்று யோசித்திருக்கிறீர்களா? வந்து உட்கார்ந்ததும் "எப்படி ஆச்சு?" என்பார்கள். அம்மா முதலிலிருந்து சொல்வாள், காலையில் காப்பி குடித்தார், தினமலர் எங்கே என்று கேட்டார், அப்புறம்... அடுத்த ஆள் வருவார், மறுபடியும் காப்பியிலிருந்து. எனக்கு அதைக் கேட்கவே எரிச்சலாக இருந்தது, எத்தனை தடவை ஒரே ரணத்தைக் கிளறுவார்கள் என்று வாசலிலேயே ரெண்டு பேரைத் தடுத்தும் பார்த்தேன். இப்போது நினைத்தால் அவர்கள் செய்துகொண்டிருந்தது வைத்தியம். நான் அதைப் பாதியில் நிறுத்தி, அப்பாவை ஒரு தடவைகூடப் பார்த்திராத ஆயிரம் பேர் இருக்கும் அடுக்குமாடிக்கு அம்மாவைத் தூக்கி வந்தேன். பெங்களூர் சி.வி. ராமன் நகரில் லிஃப்ட்டில் பார்ப்பவர்கள் "ஆண்ட்டி, ஊட்டா ஆய்தா?", சாப்பிட்டாச்சா என்று அன்பாகத்தான் கேட்பார்கள். அம்மா சிரிப்பாள். அவ்வளவுதான் அவளுக்குக் கன்னடம்.

நவம்பர் வந்தது. குடும்ப ஓய்வூதியம் வாங்குகிறவர்கள் அந்த மாதம் உயிர்வாழ் சான்று கொடுக்க வேண்டும், அம்மாவுக்கு அதுதான் முதல் தடவை. பேங்கில் விரலை வைத்தால் ரேகை விழவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கின விரல், அதற்கப்புறம் முப்பத்தெட்டு வருஷம் பாத்திரம் தேய்த்த விரல், மெஷின் என்ன செய்யும்? பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்துவிட்டு, வீட்டுக்கு வந்து போன் ஆப்பில் முகத்தைக் காட்டிச் செய்தோம். கண்ணைச் சிமிட்டச் சொன்னது. அம்மா சிமிட்டவில்லை. போனையே பார்த்துக்கொண்டிருந்தாள், அப்புறம் மெதுவாக, "நான் உயிரோட இருக்கேன்னு யாருக்குடா காட்டணும்?" என்றாள்.

நான் சிரித்து மழுப்பினேன். ராத்திரி தூக்கம் வரவில்லை. மறுநாள் காலையில் பக்கத்தில் உட்கார்ந்து நேராகக் கேட்டேன்: "அம்மா, செத்துப்போயிடலாம்னு தோணுதா?" இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே உண்டாக்கிவிடுவோமோ என்று எல்லோரும் பயப்படுகிறார்கள், அப்படி இல்லை, கேட்பதால் எண்ணம் வராது, ஏற்கெனவே இருந்தால் சொல்ல ஒரு வழி கிடைக்கும். அம்மா ரொம்ப நேரம் சும்மா இருந்துவிட்டு, "தானா போனா நல்லதுன்னு தோணும், நானா ஒண்ணும் பண்ணிக்க மாட்டேன்" என்றாள். சர்க்கரை மாத்திரையை ரெண்டு வாரமாகப் போடவில்லை என்பதும் ராத்திரி ரெண்டு மணிக்கு மேல் தூங்குவதே இல்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது. பக்கத்து அறையில் படுத்திருந்தவன் நான்.

மனநல மருத்துவரிடம் போகலாம் என்றதும் "நிம்ஹான்ஸுக்கா? பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கா?" என்றாள். பெங்களூரின் அந்தப் பெரிய அரசு மனநல ஆஸ்பத்திரியின் பெயர் கோவில்பட்டி வரை போயிருக்கிறது! கடைசியில் வீட்டுக்குப் பக்கத்திலேயே, தமிழ் தெரிந்த ஒரு மருத்துவரிடம் "தூக்கத்துக்குப் பார்க்கலாம்" என்று சொல்லிக் கூட்டிப்போனேன். தைராய்டு, பி12 எல்லாம் பார்த்தார், தூக்கத்துக்குக் கொஞ்ச நாளைக்கு மாத்திரை கொடுத்தார், பிறகு அப்பா எப்படிப் போனார் என்று கேட்டார். அம்மா காப்பியிலிருந்து ஆரம்பித்தாள். அஞ்சு மாதத்துக்கு அப்புறம் அந்தக் காப்பியை நான் மறுபடி கேட்டேன்.

அடுத்தது கீரைக்கார அம்மா. கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பூர்வீகம், மூணு தலைமுறையாக அல்சூரில் இருக்கிறார்கள். அம்மாவின் நெற்றியைப் பார்த்துவிட்டு, நாங்கள் யாரும் கேட்கத் துணியாததைக் கூசாமல் கேட்டார்: "வூட்டுக்காரருக்கு இன்னா ஆச்சும்மா?" ஒரு கட்டு அரைக்கீரை வாங்கப் போனவள் முக்கால் மணி நேரம் கழித்து வந்தாள். மறுநாளும் போனாள். அதற்கப்புறம் வீட்டில் கீரை இல்லாத நாளே இல்லை, என் பையன் இன்றைக்கும் கீரை என்றால் ஓடுவான். மருத்துவரே தேவையில்லை, கீரைக்காரியே போதும் என்று இதை எடுத்துக்கொள்ளாதீர்கள். தூக்கம் திரும்பியது மருத்துவரால்தான், தூக்கம் வராமல் பேச்சு வந்திருக்காது.

இடையில் ஆபீஸ் நண்பர் ஒருவர் துக்கத்தின் ஐந்து கட்டங்கள் என்று ஒரு படம் அனுப்பினார், மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு என்று. நானும் அம்மா எந்தக் கட்டத்தில் இருக்கிறாள் என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். எலிசபெத் கூப்ளர்-ராஸ் என்ற மனநல மருத்துவர் 1969-ல் அதை எழுதியது சாகப்போகிற நோயாளிகளோடு பேசிப் பார்த்து, பின்னால் தங்கிவிட்டவர்களைப் பார்த்து அல்ல. படிக்கட்டு மாதிரி யாரும் ஏறிப் போவதில்லை. 1999-ல் ஸ்ட்ரோப், ஷூட் என்று இரண்டு ஆய்வாளர்கள் சொன்னது எங்கள் வீட்டில் நடந்ததோடு ஒத்துப்போனது: துக்கத்துக்கும் அன்றாட வேலைக்கும் இடையில் மனம் ஊஞ்சல் மாதிரி போய்ப்போய் வரும், இரண்டும் வேண்டும். அம்மா சீரியல் பார்த்து வாய்விட்டுச் சிரிப்பாள், அடுத்த நிமிஷம் சிரித்ததற்காகவே அழுவாள். சரி, அது இயல்பு.

ஆனால் எட்டு மாதம் என்கிறீர்கள், அதனால் இதையும் சொல்ல வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 என்ற நோய்ப் பட்டியலில் நீடித்த துக்கம் ஒரு தனிக் கோளாறாகவே இருக்கிறது, குறைந்தது ஆறு மாதம் தாண்டியும் ஏக்கமும் வேதனையும் இறுகிப்போய், அன்றாட வாழ்க்கையே நடத்த முடியாமல், அந்த ஊர் வழக்கத்துக்கும் மீறி இருந்தால். அமெரிக்க மனநல மருத்துவர்கள் 2022-ல் தங்கள் பட்டியலில் இதைச் சேர்த்தபோது பெரியவர்களுக்கு ஒரு வருஷம் என்று வைத்தார்கள். உங்கள் அம்மாவுக்கு அதுதான் என்று நான் சொல்லவில்லை, அதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். சாப்பிடுகிறாரா, தூங்குகிறாரா, மாத்திரை போடுகிறாரா, எடை குறைகிறதா என்று பாருங்கள், "ஒண்ணுமில்லப்பா"வை நம்பாதீர்கள். 14416 என்பது டெலி மானஸ், அரசாங்கத்தின் இலவச மனநல உதவி எண், எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழிலும் பேசலாம், முதலில் நீங்களே கூப்பிட்டுக் கேட்டாலும் தப்பில்லை. பெரிய ஆஸ்பத்திரி என்றால் மிரள்வார் என்றால் பிடிஎம் லேஅவுட்டில் நிம்ஹான்ஸ் தனியாக நடத்தும் நலவாழ்வு மையம் இருக்கிறது. ஆனால் செத்துவிட வேண்டும் என்று வாயால் சொன்னால் தனியாக விடாதீர்கள், மாத்திரை டப்பாவை உங்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள், ஓசூர் ரோடு நிம்ஹான்ஸில் அவசரப் பிரிவு ராத்திரியும் திறந்திருக்கும், அங்கே போங்கள்.

உங்களுக்கும் அப்பாதான் போயிருக்கிறார், அதைப் பற்றிக் கேள்வியில் ஒரு வரிகூட இல்லை. எனக்கு அழுகை ஏழாம் மாதம், நெரிசலுக்குப் பேர்போன சில்க் போர்டு சிக்னலில் வந்தது. அப்பா நம்பரை நான்தான் ரீசார்ஜ் செய்து வைத்திருந்தேன், கேஸ் புக்கிங் அதில்தான் இருந்தது. சிலிண்டர் டெலிவரி மெசேஜ் அப்பா பெயரைப் போட்டு வந்தது. சில்க் போர்டில் அழ நேரம் நிறையக் கிடைக்கும், பின்னால் ஹாரன் அடித்தவர்கள்கூட என் அழுகைக்கு அடிக்கவில்லை.

வருஷத் திதிக்கு இன்னும் நாலு மாதம் இருக்கிறது அல்லவா? இப்போதே டிக்கெட் போடுங்கள், திதிக்கு ஒரு வாரம் முன்னாலேயே அம்மாவை ஊருக்குக் கூட்டிப் போய் வீட்டைத் திறந்து வையுங்கள். ஆட்கள் வருவார்கள். "எப்படி ஆச்சு?" என்று கேட்பார்கள். அப்போது காப்பி போட்டுத் தருகிறேன் என்று எழுந்து போகாமல் பக்கத்திலேயே உட்காருங்கள், தேதி தப்பாகச் சொன்னால்கூடத் திருத்தாதீர்கள். அதற்கு முன்னால், இன்றைக்கு ராத்திரியே, அப்பாவுக்கு எந்தக் குழம்பு பிடிக்கும் என்று அம்மாவிடம் கேளுங்கள். தெரிந்ததாக இருந்தாலும் கேளுங்கள்.