மைனிங் மெஷின் கேட்கும் மகனும் கரண்டு பில்லும்

குடியாத்தத்திலிருந்து எழுதிய அம்மாவுக்கு,

பிளஸ் டூ முடித்த மகன், கல்லூரிக்குச் சேர்த்த பணத்தில் பிட்காயின் என்ற டிஜிட்டல் பணத்தைச் சம்பாதிக்கும் மைனிங் மெஷின் வாங்கித் தரச் சொல்கிறான். கரண்டு செலவைப் பற்றிக் கேட்டால், "பேங்க்தான் அதைவிட அதிகம் இழுக்குது" என்று வாயடைக்கிறான். அது சரிதானா என்று கேட்டிருக்கிறீர்கள்.

அவன் சொல்வது முழுப் பொய்யல்ல. 2021-இல் கேலக்ஸி டிஜிட்டல் என்ற நிறுவனம் போட்ட கணக்கில், வங்கித்துறைக்கு ஆண்டுக்குச் சுமார் 26,400 கோடி யூனிட், பிட்காயினுக்குச் சுமார் 11,400 கோடி. ஆனால் கணக்குப் போட்ட அந்த நிறுவனமே பிட்காயின் போன்ற கிரிப்டோ பணத்தில் தொழில் செய்வது. வங்கிக் கணக்கில் கிளை, ஏடிஎம், சர்வர் எல்லாம் அடக்கம். சம்பளம், கடன், நகை அடகு என்று ஊரே அதில் ஓடுகிறது. பிட்காயினோ நொடிக்கு ஏழு பரிவர்த்தனை தாண்டவே திணறும்.

கரண்டு எங்கே போகிறது என்று அவனையே கேளுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒரு பரிசு, அதுவும் பிட்காயினாகவே. அதற்காக உலகம் முழுக்க மெஷின்கள் போட்டி போட்டு ஓர் எண்ணைத் தேடுகின்றன. பரிவர்த்தனை குறைந்தாலும் போட்டி நிற்காது. இந்தப் போட்டியையே கைவிட்ட எத்தீரியம் என்ற இன்னொரு கிரிப்டோவுக்கு 2022 செப்டம்பரில் மின்தேவை 99 சதவீதத்துக்கு மேல் குறைந்துவிட்டது.

அப்புறம் வீட்டுக் கணக்கு. மெஷின் 3,000 வாட் என்று வைத்தால் ஒரு நாளைக்கு 72 யூனிட், இரண்டு மாத பில்லில் 4,320 யூனிட். நம் ஊர் மே மாத வெயிலில் மாடி அறையில் அதை ஓட்டினால் குளிர வைக்க வேறு கரண்டு வேண்டும். இரைச்சல் தனி.

ஆனாலும் இந்தப் பையனை எனக்குப் பிடித்திருக்கிறது. பிட்காயின் விலையைப் பேசுபவர்கள் நிறையப் பேர். யூனிட் கணக்குப் பேசுபவன் அபூர்வம். வேலூர் பாகாயத்தில் தந்தை பெரியார் அரசு தொழில்நுட்பக் கல்லூரியில் ட்ரிபிள் ஈ, அதாவது மின், மின்னணுப் பொறியியல் இருக்கிறது. கவுன்சலிங்கில் அதைக் குறிக்கச் சொல்லுங்கள். படித்து, சில வருடம் வேலை பார்த்தபின் மத்திய அரசின் எரிசக்தித் தணிக்கையாளர் தேர்வு எழுதலாம். கரண்டு எங்கே வீணாகிறது என்று கணக்குப் பார்ப்பதுதான் அவர் வேலை. ராணிப்பேட்டை, ஆம்பூர் தோல் தொழிற்சாலைகளில் மோட்டார் ஓடும் இடமெல்லாம் அந்த வேலை உண்டு. சென்னை டேட்டா சென்டர்களுக்கும் கரண்டும் குளிரூட்டலும் தெரிந்த ஆள் வேண்டும்.

திட்டாதீர்கள். கடைசி கரண்டு பில்லோடு ஞாயிற்றுக்கிழமை அவனை அழைத்து வாருங்கள். மெஷின் ஓடினால் அந்த பில் எவ்வளவு வரும் என்று அவன் கையாலேயே போட்டுப் பார்க்கட்டும்.