சுவரை இடிக்கலாமா?

கேள்வி: அப்பா காலத்து ஓட்டு வீடு. நடு அறை பகலிலும் இருட்டு, குசினி ஒடுக்கம். புதிதாக அறை இறக்கக் காணியும் இல்லை, காசும் இல்லை. இரண்டுக்கும் நடுவிலுள்ள சுவரை இடித்துவிடலாமா?
– வாசகி, கொக்குவில்

பதில்: கொஞ்சம் பொறுங்கோ தங்கச்சி. முதலில் ஏணி வைத்து மேலே பாருங்கள், கோப்பிசத்து மரம் (கூரையின் மரச்சட்டம்) அந்தச் சுவரில் தங்கியிருந்தால் அது கூரையைத் தாங்கும் சுவர், மேசன் “ஒண்டும் நடக்காது” என்றாலும் எஞ்சினியருக்குக் காட்டாமல் கை வைக்க வேண்டாம். முழுச்சுவரும் போகத்தான் வேண்டுமா? முறையாக லிண்டல் (வாசலுக்கு மேலே சுவரைத் தாங்கும் விட்டம்) போட்டு அகலமான வாசல் ஒன்று திறந்தாலே குசினி பெரிதாகத் தெரியும். இருட்டுக்கு மலிவான வழி, நாலைந்து ஓடுகளைக் கழற்றிக் கண்ணாடி ஓடு போடுவது. சீலிங் அடித்திருந்தால் அந்த இடத்தை மட்டும் வெட்ட வேண்டும், சித்திரை வெயிலில் சூடும் இறங்கும், அதனால் மேற்குச் சரிவில் வைக்காமல் கிழக்குப் பக்கம் பாருங்கள்.

இன்னொன்று. உங்களுடையது சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய பழைய கல்வீடு என்றால் சீமெந்தால் பூச விடாதீர்கள். ஈரம் வெளியேற வழியில்லாமல் சுவர் உள்ளே ஊறி, பூச்சு பொருக்குப் பொருக்காக உதிரும். சுண்ணாம்புப் பூச்சே போதும்.