2026இல் ஏஐ, சமூக ஊடகம், மோசடி: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

தமிழ்ப் பேச்சைக் கணினிக்குப் புரியவைப்பது என் தொழில். அதையொட்டிய கேள்விகளுக்கு விரிவாகவும் மற்றவற்றுக்குச் சுருக்கமாகவும் பதில் சொல்கிறேன்.

தெம்பனிஸ் வாசகர்: வரும் ஆண்டில் எந்த மாற்றம் நம்மை அதிகம் பாதிக்கும்?

குரல். கணினி பேசும் தமிழ் முன்பெல்லாம் ரயில் நிலைய அறிவிப்புபோல இருக்கும். இப்போது சில விநாடி ஒலிப்பதிவு கிடைத்தாலே ஒருவரின் குரலை ஏறக்குறைய அப்படியே போலி செய்ய முடிகிறது. 2025 மார்ச்சில் இங்கே சிங்கப்பூரில் ஒரு நிறுவனத்தின் நிதி இயக்குநர், போலி முகங்கள் நிறைந்த ஜூம் கூட்டத்தை நம்பி 499,000 அமெரிக்க டாலரை அனுப்பிவிட்டார். அது ஆங்கிலத்தில் நடந்தது. ஆங்கில அழைப்பு என்றாலே போனை வைத்துவிடும் நம் பாட்டிமார்களுக்கு இதுவரை மொழியே ஓரளவு வேலியாக இருந்தது. 2026இல் அந்த வேலி விழும் என்பது என் கணிப்பு. பேரன் குரலிலேயே, "பாட்டி, அவசரம், காசு அனுப்புங்க" என்று அழைப்பு வரும்.

செய்ய வேண்டியது ஒன்றுதான். அழைப்பைத் துண்டித்துவிட்டு, உங்கள் போனில் ஏற்கெனவே இருக்கும் எண்ணுக்கு நீங்களே கூப்பிடுங்கள். சந்தேகம் என்றால் மோசடி பற்றிய உதவி எண் 1799ஐக் கூப்பிடுங்கள். இந்த எண்ணைத் திரும்பத் திரும்பச் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஈசூன் வாசகர்: கணக்கு எழுதும் வேலையில் இருக்கிறேன், வயது 46. வேலை போய்விடுமா?

ரசீதைப் பார்த்துப் பதிவு செய்யும் பகுதி போகும். கணக்கு ஏன் இடிக்கிறது என்று கண்டுபிடித்து முதலாளிக்கு விளக்கும் பகுதி நிலைக்கும். 40 வயதும் அதற்கு மேலும் ஆன சிங்கப்பூரர்களுக்கு 2024 மே மாதம், திறன் பயிற்சிக்கு அரசாங்கம் தரும் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் கணக்கில் 4,000 வெள்ளி போட்டிருக்கிறார்கள். தொடாமல் வைத்திருந்தால் இந்த ஆண்டு எடுத்துப் படியுங்கள்.

செங்காங் வாசகர்: எந்தக் கைப்பேசி வாங்கலாம்?

என் துறை இல்லை. கடையில் கேளுங்கள்.

பொங்கோல் அம்மா: மகளுக்கு 13 வயது. ஆஸ்திரேலியாபோல இங்கேயும் சமூக ஊடகத்தைத் தடை செய்வார்களா?

அங்கே 2025 டிசம்பர் 10 முதல் 16 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் கணக்கு வைத்துக்கொள்ள முடியாது. இங்கே 2026இல் அப்படி முழுத் தடை வரும் என்று நான் நினைக்கவில்லை. சிங்கப்பூர் வேறு வழியில் போகிறது. செயலிக் கடைகள் வயதைச் சரிபார்க்க வேண்டும் என்ற விதிமுறை 2025 மார்ச் 31இல் நடப்புக்கு வந்தது. இணையத்தில் துன்புறுத்தப்பட்டவர்கள் முறையிட ஓர் ஆணையம் அமைக்கும் சட்டம் அதே ஆண்டு நவம்பரில் நிறைவேறியது. 2026 ஜனவரியிலிருந்து உயர்நிலைப் பள்ளிகளில் பள்ளி நேரம் முழுவதும் கைப்பேசி கிடையாது. ஆனால் இரவு பத்து மணிக்குப் போன் படுக்கையறையில் இருக்குமா கூடத்தில் இருக்குமா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

பிடோக் வாசகர்: ஏஐக்கு ஆங்கிலம் அளவுக்குத் தமிழ் எப்போது வரும்?

2026இல் வராது. இடைவெளி குறையும், அவ்வளவுதான். 'தமிழ்' என்ற சொல் நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யூனிகோடு முறையில் அது ஐந்து குறியீடு, 15 பைட்டு (சேமிப்பு அளவு). அதையே ஆங்கிலத்தில் எழுதினால் 5 பைட்டு போதும். ஏஐயை இயக்கும் மொழி மாதிரிகள் உரையைத் துண்டு துண்டாக வெட்டித்தான் படிக்கும். பெரும்பாலும் ஆங்கிலத்தைப் படித்து வளர்ந்த மாதிரி, தமிழைத் தேவைக்கு மேல் பொடியாக நறுக்குகிறது. அதனால் செலவும் கூடுகிறது, பிழையும் கூடுகிறது. ஏஐ சிங்கப்பூர் அமைப்பு 2023இல் தொடங்கிய சீ-லயன் மாதிரியில் தமிழும் இருக்கிறது, யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம். ஆனால் அதற்குக் கொடுக்க நல்ல தமிழ் உரை வேண்டும். சிங்கப்பூர்த் தமிழ், அதுவும் பேச்சுத் தமிழ், மிகக் குறைவு.

துணைப்பாட ஆசிரியர், உட்லண்ட்ஸ்: முன்னேறுகிறது என்கிறீர்கள். என் மாணவர்கள் ஏஐ எழுதிய கட்டுரையைக் கொண்டுவருகிறார்கள். லிட்டில் இந்தியாவில் இருக்கும் தேக்கா சந்தையைப் பற்றி எழுதச் சொன்னால் ஏதோ கிராமத்துச் சந்தை வருகிறது. தடை செய்ய வேண்டும்.

கட்டுரை விஷயத்தில் உங்கள் பக்கம்தான் நான். குறள் கேட்டால் ஏழு சீரில் தானே ஒன்றைப் புனைந்து, அதற்கு எண்ணும் போட்டுக் கொடுக்கிறது. மாணவன் அதை நம்பி மனப்பாடம் செய்கிறான். ஆனால் முழுத் தடைக்கு நான் உடன்பட மாட்டேன்.

பிடோக் வாசகர் மீண்டும்: ஆசிரியரே, என் வீட்டில் தமிழ் பேச ஆளில்லை. மகன் ஏஐயோடுதான் தமிழில் பேசிப் பழகுகிறான். அதையும் பறிக்கச் சொல்கிறீர்களா?

துணைப்பாட ஆசிரியர்: அது எதைச் சொன்னாலும் 'அருமை' என்கிறது. ஒற்றுப்பிழையைத் திருத்தச் சொன்னால் சரியாக இருந்ததையும் கெடுக்கிறது. யாரிடம் பழகுகிறான் உங்கள் மகன்?

இரண்டு பேரும் சொல்வது உண்மை. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, 5 வயதும் அதற்கு மேலும் ஆன குடியிருப்பாளர்களில் வீட்டில் தமிழையே அதிகம் பேசுகிறவர்கள் 2.5 விழுக்காடு. பேச ஆளில்லாத பிள்ளைக்குப் பேசும் கருவி கிடைத்தால் அது நல்லதுதான், கூச்சமாவது போகும். ஆனால் எழுத்தைத் திருத்தும் வேலையை 2026இலும் அதனிடம் கொடுக்காதீர்கள். பிடோக் நண்பரே, மகனைப் பேசவிடுங்கள். வாரம் ஒருமுறை உங்கள் அம்மாவுக்கும் போன் போட்டுக் கொடுங்கள். ஆசிரியரே, கட்டுரையை வகுப்பிலேயே, பேனாவால் எழுதச் சொல்லுங்கள். தேக்காவுக்கு அழைத்துப்போய் எழுதச் சொன்னால் இன்னும் நல்லது.

ஜூரோங் வாசகர்: ஏஐயால் வேலை போகுமா?

ஈசூன் வாசகருக்குச் சொன்ன பதிலைப் பாருங்கள்.

அங் மோ கியோ வாசகர்: ஓர் அமைச்சரே முதலீட்டுத் திட்டத்தைப் பற்றிப் பேசும் காணொளி வாட்ஸ்அப்பில் வந்தது. உண்மையா?

பொய். 2023 டிசம்பரிலேயே, அப்போது பிரதமராக இருந்த லீ சியன் லூங் தம் உருவத்தில் வந்த போலிக் காணொளி பற்றி எச்சரித்தார். பணம் போடாதீர்கள். 1799.

சுவா சூ காங் வாசகர்: குரல் போலியா என்று காதால் கண்டுபிடிக்க வழி?

முடியாது. என்னாலும் முடியாது. துண்டித்துவிட்டுத் திரும்பக் கூப்பிடுங்கள். மேலே எழுதியதைத் தயவுசெய்து படித்துவிட்டுக் கேளுங்கள்.

துவாஸ் தங்குவிடுதி ஊழியர்: அண்ணே, டெலிகிராமில் ஒருவர் என் வங்கிக் கணக்கை ஒரு மாதம் கொடுத்தால் 500 வெள்ளி தருகிறேன் என்கிறார். ஏஐ வியாபாரம் என்று சொல்கிறார். செய்யலாமா?

தம்பி, செய்யவே செய்யாதீர்கள். 2024இல் மட்டும் இந்த நாட்டில் மோசடியில் போன பணம் 1.1 பில்லியன் வெள்ளி. அந்தப் பணம் இப்படி வாடகைக்கு வாங்கிய கணக்குகள் வழியாகத்தான் ஓடுகிறது. 2025 நவம்பரில் நிறைவேறிய திருத்தத்தின்படி, வங்கிக் கணக்கையோ, அரசாங்க இணையச் சேவைகளில் நுழைய உதவும் சிங்பாஸ் அடையாளத்தையோ கொடுத்து மோசடிக்கு உதவுகிறவர்களுக்குச் சிறையோடு 12 பிரம்படி வரை கிடைக்கலாம். 'எனக்குத் தெரியாது' என்று சொல்லித் தப்பிக்க முடியாதபடி சட்டம் இறுகியிருக்கிறது. அவர் அனுப்பிய செய்திகளை அழிக்காமல் வைத்திருங்கள். கார்டையோ பின் எண்ணையோ ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்கள் என்றால், இன்றைக்கே வங்கிக்குப் போன் செய்து கணக்கை முடக்கச் சொல்லுங்கள், அப்புறம் காவல் நிலையத்துக்குப் போங்கள். உங்கள் அறையில் இருக்கிறவர்களுக்கும் அதே ஆள் செய்தி அனுப்பியிருப்பார். அவர்களையும் கேளுங்கள்.