குழந்தை வளர்ச்சி ஆய்வுக்கு எதற்கு இத்தனை துறைக்காரர்கள்?

உளவியலாளர் மட்டும் போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. ருமேனியாவில் 2000-இல் தொடங்கிய புக்கரெஸ்ட் ஆய்வைப் பாருங்கள்: காப்பகங்களில் இருந்த 136 குழந்தைகளில் பாதிப் பேரைக் குலுக்கல் முறையில் வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பினார்கள் (மீதிப் பேரின் கதி என்ன என்ற அறநெறிக் கேள்வி எனக்கு இன்னும் உறுத்துகிறது). அப்புறம் அந்தக் குழந்தைகளின் பாசப்பிணைப்பு, மூளை மின்னலைகள், உயரம், எடை என எல்லாவற்றையும் வருடக்கணக்கில் அளந்தார்கள், இது ஒரே துறையால் ஆகிற வேலையா சொல்லுங்கள். இரண்டு வயதுக்குள் குடும்பத்துக்குப் போனவர்கள் பல அளவுகளில் நன்றாகவே தேறினார்கள். நெருக்கமாகக் கவனிக்க ஓர் ஆள் இல்லாத குறை மனதில் மட்டுமல்ல, மூளை அலைகளிலும் தெரிந்தது. சரி, பொருளாதாரம் எங்கே வருகிறது? நோபல் பெற்ற ஜேம்ஸ் ஹெக்மன், 1962-இல் அமெரிக்காவில் தொடங்கிய பெர்ரி பாலர் பள்ளித் திட்டத்தின் தரவுகளை வைத்து, சிறுவயதில் செய்யும் செலவு பிற்கால வருமானமாகவும் குறைந்த குற்றங்களாகவும் சமூகத்துக்கே திரும்புகிறது என்று கணக்குப் போட்டுக் காட்டினார். நிதி ஒதுக்குகிறவர்களுக்கு அந்தக் கணக்குதான் சட்டென்று புரிகிறது.