டாக்டர் சொல்வது நோயாளிக்குச் சரியாகப் போய்ச் சேர கிளினிக்கில் எதை மாற்ற வேண்டும்?

முதலில் "புரிஞ்சுதா?" என்று கேட்பதை விட்டுவிடுங்கள். "புரிஞ்சுது டாக்டர்" என்பதைத் தவிர அதற்கு வேறு பதில் வராது. உடம்பு முடியாமல், வெளியே கூட்டம் காத்திருக்க, யார்தான் புரியவில்லை என்பார்கள்? இப்படிக் கேளுங்கள்: "நான் சரியா விளக்கினேனான்னு தெரியணும். இந்த மாத்திரையை எப்படிச் சாப்பிடணும்னு வீட்ல கேட்டா என்ன சொல்வீங்க?" முதல் வாக்கியம் முக்கியம். அதை விட்டால் வாத்தியார் கேள்வி கேட்பதுபோல் ஆகிவிடும், ஆள் சுருங்கிவிடுவார்.

எல்லா மாத்திரைக்கும் இதற்கு நேரம் இருக்காது. தப்பாகச் சாப்பிட்டால் ஆபத்தாகும் மருந்துக்குக் கட்டாயம் செய்யுங்கள். மூட்டுவாதத்துக்குத் தரும் மெத்தோட்ரெக்ஸேட் வாரம் ஒரு முறைதான். மற்ற மாத்திரைகளோடு சேர்த்துத் தினமும் விழுங்கி, ரத்த அணுக்கள் குறைந்து இறந்தவர்கள் உண்டு. "வாரத்துக்கு ஒண்ணு" என்று சொன்னால் மட்டும் போதாது. கிழமையை நோயாளியே சொல்லட்டும், "திங்கட்கிழமை மட்டும்" என்று சீட்டில் எழுதிக் கொடுங்கள். சிரப்பில் "ஒரு ஸ்பூன்" என்று எழுதவே கூடாது, வீட்டு ஸ்பூன் ஒவ்வொன்றும் ஒரு அளவு. 5 மி.லி. என்று எழுதி, மருந்து மூடியில் அந்தக் கோட்டைப் பேனாவால் குறித்துக் காட்டுங்கள்.

பேச விட்டால் நேரம் போய்விடும் என்ற பயம் பெரும்பாலும் வீண். 1984-ல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில் டாக்டர்கள் சராசரியாக 18 நொடியில் குறுக்கிட்டிருந்தார்கள். 2002-ல் சுவிட்சர்லாந்தில் குறுக்கிடாமல் விட்டுப் பார்த்தபோது, நோயாளிகள் தாங்களாகப் பேசி முடிக்கச் சராசரியாக ஒன்றரை நிமிடம்தான் ஆனது. அது முடிந்ததும், "வேற எதுவும் இல்லையே?" என்று கேட்காதீர்கள், அது இல்லை என்ற பதிலைக் கையில் கொடுத்துக் கேட்பது. "இன்னும் என்னென்ன பார்க்கணும்?" என்பதே சரி. அதையும் ஆரம்பத்திலேயே கேட்க வேண்டும். இல்லையென்றால் நெஞ்சுவலி என்ற வார்த்தை அவர் கதவருகே எழுந்து போகும்போதுதான் வரும்.

"ஏதாவது இருந்தா நாங்களே கூப்பிடுறோம்" என்பது இன்னொரு ஆபத்து. தொலைந்துபோன ரிப்போர்ட்டும் நல்ல ரிப்போர்ட்டும் நோயாளிக்கு ஒரே மாதிரிதான் தெரியும், இரண்டிலும் போன் வராது. ஒரு நோட்டுப் போடுங்கள்: என்ன டெஸ்ட், அனுப்பிய தேதி, வந்த தேதி, பார்த்தவர் கையெழுத்து, நோயாளிக்குச் சொன்ன தேதி. வாரம் ஒரு நாள் காலியாக இருக்கும் கட்டங்களை மட்டும் ஒருவர் துரத்தினால் போதும். நோயாளியிடமும் "புதன்கிழமைக்குள்ள போன் வரலைன்னா நீங்க கூப்பிடுங்க" என்று நாள் குறித்துச் சொல்லுங்கள்.

எஸ்.எம்.எஸ். அனுப்புவதாக இருந்தால் ஒரு கணக்கு. ஆங்கிலத்தில் 160 எழுத்து போகும், தமிழில் 70 குறியீடுதான். 'கி' என்பதே க, ி என்று இரண்டாகக் கணக்காகும். அதைத் தாண்டினால் செய்தி துண்டு துண்டாகப் போவதால், செய்ய வேண்டியதை முதல் வரியிலேயே வையுங்கள்: "வெள்ளிக்குள் கிளினிக்குக்கு வரவும்." நோயின் பெயரை எழுத வேண்டாம், அந்த போன் வீட்டில் யார் கையில் இருக்கும் என்று சொல்ல முடியாது.

நோயாளியை வீட்டுக்கு அனுப்பும்போது "சரியாகலைன்னா வாங்க" என்பதை மாற்றினால் பாதி வேலை முடிந்தது. எது, எத்தனை நாளில், எங்கே என்ற மூன்றும் வேண்டும்: "காய்ச்சல் மூணு நாள்ல விடலைன்னா இங்க வாங்க. மூச்சு வாங்கினா, நடுராத்திரியா இருந்தாலும் நேரா ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போயிடுங்க."