மிக்-21 போர் விமானங்களுக்கு ஓய்வு கொடுக்க இந்திய விமானப்படைக்கு ஏன் இத்தனை காலம் ஆனது?

அந்த இடத்தை நிரப்ப வேறு விமானம் இல்லாததுதான் முதன்மைக் காரணம். 1963-இல் சேர்க்கப்பட்ட மிக்-21, 2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் விடைபெற்றது. அதற்கு மாற்றாகத் திட்டமிட்ட இலகு ரகப் போர் விமானத்தின் பணி 1983-இல் தொடங்கியும், தேஜஸ் எனப் பெயர் பெற்ற அந்த விமானத்தின் முதல் படைப்பிரிவு உருவானது 2016-இல்தான். அதுவரை பழைய விமானத்துக்குப் புதிய ரேடாரும் ஏவுகணைகளும் பொருத்தி, 'பைசன்' என்ற பெயரில் ஆயுளை நீட்டித்தார்கள்.

மிக்-21 சந்தித்த பல விபத்துகளுக்கு விமானத்தின் வயதை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. மிக்-21 மணிக்கு 300 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் தரையிறங்கும். ஒற்றை எஞ்சின் வேறு. 2008-இல் ஹாக் பயிற்சி விமானம் வரும்வரை, வேகம் குறைந்த கிரண் விமானத்தில் பழகிய இளம் விமானிகள் பலர் நேராக இதில் ஏற வேண்டியிருந்தது. எத்தனை கொடுமையான தாவல் அது! ஹாக்கை வாங்கும் முடிவை இருபது ஆண்டுகள் இழுத்தடித்ததை என்னால் மன்னிக்கவே முடியவில்லை.

இன்னும் தாமதித்திருக்கவும் வழியில்லை. பறக்கப் பறக்க உலோகம் வலுவிழக்கும் 'உலோகச் சோர்வு' கூடிக்கொண்டே போகும். உதிரி பாகங்களும் அரிதாகிவிட்டன. இந்த ஓய்வுக்குப் பிறகு, 42 போர் விமானப் படைப்பிரிவுகள் இருக்க வேண்டிய விமானப்படையில் 29 மட்டுமே மிஞ்சின.